எழுதுகிறவரின் பகல் யாருக்குச் சொந்தம்?

தமிழில் எழுதுகிறவரை முதன்முறையாகச் சந்திக்கும் ஒருவர், பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள்?" கேட்பவர்மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர் நாட்டு நடப்பை அறிந்தவர். எழுத்தினால் அடுப்பு எரியாது என்பது அவருக்குத் தெரியும்; ஆகவே எரிகிற அடுப்பு எதனால் எரிகிறது என்று அறிய விரும்புகிறார். நமது வருத்தம் அதற்கு அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. "அப்படியானால் எழுத்து உங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு" என்று அவர் முடித்துவிடுகிறார். ஊதியம் இல்லாததால் எழுத்து பொழுதுபோக்கு ஆகிறது. பொழுதுபோக்கு ஆனதால் அதற்கு ஊதியம் வேண்டியதில்லை என்றும் ஆகிறது. இந்த வட்டத்தைப் பற்றியே இங்குச் சில சொல்ல எண்ணுகிறோம்.

முதலில், அண்ணாமலை நகரில் மாதச் சம்பளம் இன்றி எழுத்தோடு வாழும் ஒருவரின் பகற்பொழுதைக் கணக்கெடுத்துப் பார்ப்போம். அந்த ஒருவர் வேறு யாருமில்லை, நாம்தான். நம்மைப் போன்ற இன்னும் சிலரும் இவ்வூரில் உண்டு. விடியற்காலை 5 மணிக்கு எழுந்தால், வீடு விழித்துக்கொள்வதற்குள் இரண்டு மணி நேரம் கிடைக்கும். நாவலின் நின்றுபோன அத்தியாயத்தை அந்நேரத்தில் தொட்டுவிட வேண்டும் என்பது முந்தைய இரவின் தீர்மானம். ஆனால் நோட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது கடைசிப் பக்கத்துக் கணக்கு. மளிகைக் கடைப் பற்று, வீட்டு வாடகை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், வங்கியில் அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டிய தேதி. இவையெல்லாம் செலவுப் பத்தியில் தெளிவான எண்களாக நிற்கின்றன. வரவுப் பத்தியிலோ எண்கள் இல்லை, பெயர்கள்தான் இருக்கின்றன. ஒரு மொழிபெயர்ப்புக்கு வர வேண்டிய தொகை, மூன்று மாதங்களாக "அடுத்த வாரம்" என்ற சொல்லிலேயே தங்கியிருக்கிறது.

கவலை நேரத்தைத் தின்னும் விதம் விசித்திரமானது. வட்டி கட்ட வேண்டிய நாள் இன்னும் பத்து நாள் தள்ளி இருக்கும். இன்று காலை அதற்காகச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. என்றாலும் கதாபாத்திரம் வாசற்படியில் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் நகைக்கடன் ரசீதும் கூடவே உள்ளே வந்துவிடுகிறது. உடலுழைப்பு வேலையில் கவலையோடும் கை நடக்கும். எழுத்தில் கவலையும் வேலையும் ஒரே இடத்தில்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

7 மணிக்குமேல் பகல் நம்முடையது அன்று. வீட்டில் இருக்கும் ஆணை இச்சமூகம் வேலையில்லாதவனாகவே எண்ணுகிறது. "வீட்டில் சும்மாதானே இருக்கிறார்" என்ற ஒரு வாக்கியத்தின் பேரில் எரிவாயு உருளை வரும்வரை காத்திருப்பதும், ரேஷன் கடை வரிசையில் நிற்பதும், வெளியூரிலிருந்து நடராசர் கோயிலுக்கு வரும் உறவினரை ரயிலடியில் எதிர்கொள்வதும் நம் கணக்கில் எழுதப்படுகின்றன. இவை இழிவான வேலைகள் என்று நாம் கூறவில்லை. யாரேனும் ஒருவர் செய்தாக வேண்டியவைதாம். அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரிடம் இவற்றை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம். எழுதும் பெண்களுக்கு இந்தச் சலுகைப் பெயர்கூட இல்லை. அவர்களுக்கு வீடே முழுநேரப் பணியிடம். சமையல், பிள்ளைகள், முதியோர் எல்லாம் முடிந்தபின் மிஞ்சும் நேரத்தில் எழுதியவற்றைத்தான் நாம் பெண்ணெழுத்து என்று தொகுத்து விவாதிக்கிறோம்.

பிற்பகல் கூலி வேலைக்கு உரியது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி நகலகங்களும் தட்டச்சு நிலையங்களும் பைண்டிங் கடைகளும் இருக்கும் ஊர் இது. ஆய்வேடுகளுக்கு மெய்ப்புத் திருத்துவது நமக்குக் கிடைக்கும் நிச்சயமான வரும்படி. பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கையில் கிடைத்துவிடும். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் பார்த்துத் திருத்திய அதே கண்களால், மாலையில் நம் சொந்தக் கதையைப் படிக்கும்போது அதிலும் ஒற்றுப்பிழை மட்டுமே தெரியும். கதை தெரியாது.

மாலையில் ஒரு மணி நேரம் நம்முடையது. அதில் சிலர் பாட்டுக் கேட்கிறார்கள். சிலர் கான்சாகிப் வாய்க்கால் ஓரமாகவோ நான்கு வீதிகளைச் சுற்றியோ நடக்கிறார்கள். சிலர் பழைய புத்தகம் சேர்க்கிறார்கள். இவற்றைத்தான் உண்மையில் பொழுதுபோக்கு என்று சொல்ல வேண்டும். ஆனால் பணக்கவலை முதலில் கைவைப்பது இந்த ஒரு மணி நேரத்தில்தான். பழைய புத்தகம் ஒன்றை ஐம்பது ரூபாய்க்கு வாங்கினால், காய்கறிப் பையின் அடியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவரும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. வீட்டார் கொடியவர்கள் என்பதல்ல காரணம். அந்த ஐம்பது ரூபாய்க்கு அவர்களிடமும் ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கும் நியாயமானது. எழுத்தைப் பொழுதுபோக்கு என்று சொல்லி அதன் ஊதியத்தை மறுத்துவிட்டால், எழுத்துக்கு ஊற்றாகிய மெய்யான பொழுதுபோக்குகள் குற்றங்களாகிவிடுகின்றன என்பதே நமது கருத்து.

இதைப் பேச எங்கோ போக வேண்டியதில்லை. கடலூரும் சிதம்பரமும் நவீனத் தமிழ் எழுத்தின் மூன்று பெரியவர்களோடு தொடர்புடைய மண். மூவரும் பணம் என்ற வினாவுக்கு மூன்று விதமாக விடை கண்டவர்கள்.

புதுமைப்பித்தன் 1906இல் கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையின் அரசுப் பணி காரணமாகக் குடும்பம் அங்கே இருந்தது. சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. பேனாவை நம்பிச் சென்னைக்குச் சென்றவர் 'ஊழியன்', 'தினமணி', 'தினசரி' என்று பத்திரிகை அலுவலகங்களில் உழைத்தார். பின்னர் திரைப்படத்துக்குப் போனார், சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கிப் பார்த்தார், அது கைகொடுக்கவில்லை. 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனேவில் இருந்தபோது காசநோய் முற்றி, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்தன. பணம் எப்போது வரும், எவ்வளவு அனுப்ப இயலும் என்பது அக்கடிதங்களில் ஓயாமல் ஒலிக்கும் பேச்சு. ஏறத்தாழ நூறு சிறுகதைகளை எழுதிய கைதான் அவற்றையும் எழுதியது.

ஜெயகாந்தன் 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். பள்ளியை இளவயதிலேயே விட்டு, கம்யூனிஸ்ட் கட்சிக் குடிலில் வளர்ந்து, அச்சுக்கூட வேலை உட்படப் பல தொழில்கள் செய்தார். 1960களில் 'ஆனந்த விகடன்' போன்ற பெரும் பத்திரிகைகள் அவரைக் கேட்டு வாங்கிப் போட்டன. எழுத்தினாலேயே தலைநிமிர்ந்து வாழலாம் என்பதற்கு இன்றும் அவரையே சான்று காட்டுகிறோம். 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதும் அவருக்குக் கிடைத்தது. அந்த நிமிர்வுக்கு அவரது ஆளுமை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. இலட்சக்கணக்கானோர் வாசித்த வார இதழ்கள் சிறுகதைக்குக் கூலி கொடுத்த காலம் அது என்பது மற்றொரு காரணம். அந்தக் காலம் இப்போது இல்லை. 1941இல் தொடங்கிய 'கல்கி' 2020இல் அச்சு இதழை நிறுத்தியது. எஞ்சிய வார இதழ்களிலும் சிறுகதைக்கான பக்கங்கள் சுருங்கிவிட்டன. சிற்றிதழ்களோ இதழ்ப் பிரதி ஒன்றை அனுப்பி வைப்பதையே சன்மானமாகக் கொண்டவை. அவற்றை நடத்துபவர்கள் தம் கைப்பணத்தை இழப்பவர்கள் என்பதால் அவர்களைக் குறை கூறவும் வழியில்லை.

மூன்றாமவர் மௌனி. 1907இல் பிறந்து, கணிதத்தில் பட்டம் பெற்று, குடும்பத்தின் சொத்துக்களைப் பார்த்துக்கொள்ளச் சிதம்பரத்துக்கு வந்து குடியேறி, 1985இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1936 முதல் 'மணிக்கொடி'யில் அவர் கதைகள் வெளிவந்தன. வாழ்நாளில் எழுதியவை 24 கதைகளே. ஒரே கதையைப் பலமுறை திருத்தி எழுதுவார். இசையில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். 'பிரபஞ்ச கானம்' என்ற கதையின் பெயரைக் கேட்டாலே அந்த இசை எங்கே போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும். சம்பாத்தியத்துக்காக ஒரு வரியும் எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவரது வாழ்விலும் துயரங்கள் உண்டு. ஆனால் மாலையில் பாட்டுக் கேட்பது அவர் வீட்டில் குற்றமாக இருந்திராது.

இம்மூவரையும் வைத்து ஒரு தவறான முடிவுக்கு நம் இலக்கிய நண்பர்கள் அடிக்கடி வருவதைக் காண்கிறோம். வறுமைப்பட்டவர் நூறு எழுதினார், வசதியுள்ளவர் இருபத்துநான்கு எழுதினார். ஆகவே வறுமையே எழுத்தின் தாய் என்பார்கள். 24 கதைகளையும் இன்றும் படிக்கிறோம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 42 வயதில் காசநோய் கொண்டுபோகாதிருந்தால் மற்றவர் இன்னும் என்னென்ன எழுதியிருப்பார் என்பதையும் எண்ணுவதில்லை. வறுமையின் பெருமையைப் பேசுபவர்கள் பெரும்பாலும் மாதம் பிறந்ததும் சம்பளம் பெறுபவர்களாகவே இருக்கிறார்கள்.

நான்காவது வழி ஒன்றும் உண்டு. அதுவும் நம் ஊருக்கு உரியது. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் ஈழத்தின் விபுலானந்தர் வந்தார். பழந்தமிழ் இசைக்கருவியான யாழைப் பற்றிய தம் ஆய்வை நெடுங்காலம் நடத்தி, 1947இல் 'யாழ் நூல்' என்று அரங்கேற்றினார். நிறுவனத்தின் சம்பளம் தமிழறிஞர்க்கும் இசைவாணர்க்கும் நேரத்தை வாங்கிக் கொடுத்த காலம் அது. அதே 1929இல்தான் லண்டனில் வர்ஜீனியா உல்ஃப், பெண்ணொருத்தி புனைகதை எழுத வேண்டுமானால் ஆண்டுக்கு 500 பவுண்டும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று நூல் எழுதினார். தொகையை எண்ணாகவே குறிப்பிட்ட அந்த வெளிப்படையை நாம் போற்றுகிறோம். நாம் இப்போது பேசினால், "இலக்கியவாதி காசைப் பற்றிப் பேசலாமா" என்பார்கள்.

சம்பளம் என்ற அந்த நிழலும் நிலையானதன்று. நிதி நெருக்கடியில் சிக்கிய பல்கலைக்கழகத்தை 2013இல் தனிச் சட்டம் இயற்றித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. மிகையாக இருந்த ஆசிரியர்களும் பணியாளர்களும் பிற கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பணிநிரவல் செய்யப்பட்டனர். இன்று தமிழ் முனைவர் பட்டத்தோடு வெளியே வரும் இளைஞர்க்கு, விபுலானந்தருக்குக் கிடைத்த நாற்காலி எளிதில் கிடைப்பதில்லை. தொகுப்பூதிய வேலை கிடைத்தால் பெரிது.

எனவே மிஞ்சுவது நூல். அதன் கணக்கையும் பார்த்துவிடுவோம். 300 ரூபாய் விலையுள்ள நாவல். உரிமைத்தொகை நூற்றுக்குப் பத்து. 500 பிரதிகள் விற்றன என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ச் சூழலில் இதை நல்ல விற்பனை என்றே சொல்ல வேண்டும். பதிப்பாளர் நேர்மையாகக் கணக்குக் கொடுத்தால் எழுத்தாளருக்கு 15,000 ரூபாய். எழுத இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் மாதத்துக்கு 625 ரூபாய். ஓர் எரிவாயு உருளைக்கும் அது போதாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல இயலாது. நாட்டுடைமைத் திட்டம் உண்டு. அகவை முதிர்ந்த தமிழறிஞர்க்கு மாத உதவித்தொகை உண்டு. பெரும் விருதுகள் பெற்றவர்க்கு வீடு வழங்கும் 'கனவு இல்லம்' திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. இவை எல்லாவற்றையும் மதிக்கிறோம். ஆனால் இவை வரும் நேரத்தைப் பாருங்கள். உதவித்தொகைக்கு 58 வயது நிறைய வேண்டும். வீட்டுக்குப் பெரும் விருது வேண்டும். நாட்டுடைமைக்கோ பெரும்பாலும் எழுத்தாளர் இறந்திருக்க வேண்டும். புதுமைப்பித்தனின் எழுத்துக்கள் 2002இல் நாட்டுடைமையாயின. அவர் மறைந்து 54 ஆண்டுகளுக்குப் பின். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் நீடிப்பது. அதாவது தானாகவே பொதுவுடைமை ஆவதற்கு ஆறு ஆண்டுகளே இருந்த நிலையில் அரசின் கை நீண்டது. முதுமையில் ஆதரவின்றித் தவித்த ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் அவர் உயிரோடிருக்கையிலேயே, 2009இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. மனம் இருந்தால் விதி வளையும் என்பதை அது காட்டியது. ஆனால் அப்போதும் அவர் எண்பது வயதைத் தாண்டியிருந்தார். அத்தொகை மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் உதவலாமே அன்றி, அவர் நாவல்கள் எழுதிய நாட்களுக்கு உதவ முடியாது.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? பொது நூலகங்களில் பயன்படும் நூல்களுக்காக அவற்றின் ஆசிரியர்க்குத் தொகை வழங்கும் முறையை டென்மார்க் 1946இலேயே கொண்டுவந்தது. பிரிட்டனில் 1979இல் இதற்கெனச் சட்டம் இயற்றினார்கள். தொகையை அரசு தருகிறது. வாசகர் ஒன்றும் தருவதில்லை. ஒருவருக்கு ஆண்டில் இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு, ஆகவே புகழ்பெற்றவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள முடியாது. அயர்லாந்து 2022இல் 2,000 கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு 325 யூரோ வீதம் மூன்றாண்டுகள் கொடுத்துப் பார்த்தது.

தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். குடிசைக்கும் கடைக்கும் வரி கட்டும் மக்கள் தம் பணத்தில் நூலகம் நடத்துகிறார்கள் என்பது பெருமைக்குரியது. ஆனால் நூலகம் ஒரு பிரதியை வாங்கியதோடு ஆசிரியருக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. ஒரு நாவலை மாவட்ட நூலகத்தில் இருநூறு பேர் எடுத்துப் படித்து அட்டை கிழிந்து போனாலும், எழுதியவர் அதை அறியவும் மாட்டார். இரவலுக்கு ஒரு சிறு தொகை, ஆண்டுக்கு ஒருமுறை, பதிப்பாளர் வழியாக அன்றி நேரே ஆசிரியரின் வங்கிக் கணக்குக்கு. நூலக வரியில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்குவது இயலாத செயல் அன்று.

"யார் உங்களை எழுதச் சொன்னது?" என்ற மறுப்பு எழும் என்பதை அறிவோம். யாரும் சொல்லவில்லை. அதுபோலவே யாரும் சொல்லாமல்தான் இரவல் வாங்கிய நூலை வாசகர் விடிய விடியப் படிக்கிறார். நாம் கேட்பது எழுதியதற்கான கூலி அன்று, படிக்கப்பட்டதற்கான பங்கு. எவரும் எடுத்துப் படிக்காத நூலுக்கு இம்முறையில் ஒரு காசும் வராது, அது முறையானதே.

பணத்தைப் பற்றிப் பேசுவது தமிழ் மரபுக்கு ஆகாதது என்று நினைப்போர் பத்துப்பாட்டை எடுத்துப் பார்க்கலாம். பத்தில் ஐந்து ஆற்றுப்படை. வறுமையில் வாடும் பாணரையும் கூத்தரையும் புலவரையும், கொடுப்பவர் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டி அனுப்பவே ஓர் இலக்கிய வகையை உண்டாக்கிய மொழி நம்முடையது. அந்த மரபிலேயே பெருஞ்சித்திரனாரும் இருக்கிறார். அதியமான் தம்மை நேரில் காணாமலேயே பரிசில் கொடுத்தனுப்பியபோது, அதைப் பெற மறுத்த புலவர் அவர். வீட்டில் வறுமை இருந்தும், தம் புலமையைக் காணாதவன் கொடுக்கும் பொருள் தமக்கு வேண்டாம் என்றார். படிக்காமல் கொடுக்கப்படும் விருதையும், இறந்தபின் கொடுக்கப்படும் தொகையையும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் ஊகிக்கலாம்.

ஆண்டு முடிவில் இரவல் கணக்கிலிருந்து இரண்டாயிரமோ ஐயாயிரமோ வந்தால் எவருடைய வறுமையும் தீர்ந்துவிடாது. மெய்ப்புத் திருத்தும் வேலை தொடரத்தான் செய்யும். ஆனால் நோட்டின் வரவுப் பத்தியில் ஆண்டுதோறும் தேதி தவறாத ஓர் எண் நிற்கும். "வீட்டில் சும்மாதானே இருக்கிறார்" என்பவரிடம் காட்ட ஒரு சீட்டு இருக்கும். ஐம்பது ரூபாய்ப் பழைய புத்தகத்தைக் காய்கறிக்கு மேலேயே வைத்துக் கொண்டுவரலாம். நூலக வரி செலுத்தும் ஒவ்வொருவரும் இதை நம் நகராட்சியிலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள்.